சின்ன கம்பெனிக்கு சேல்ஸ் ரெப் தேடுவதும் சம்பளம் பேசுவதும்: மளிகைக் கடை லைனுக்கு ஒரு முழு வழிகாட்டி

மசாலாத்தூள், அப்பளம், செக்கு எண்ணெய், வடகம் என்று ஏதோ ஒன்றை ஒரு சின்ன ஷெட்டில் தரமாகத் தயாரித்து, தெரிந்த இருபது கடைகளில் போட்டு, அது ஓடவும் ஆரம்பித்துவிட்டால், அடுத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கமிஷனுக்கு வேலை செய்ய நல்ல சேல்ஸ்மேன் யாராவது இருக்காங்களா?" இதில் நல்ல சேல்ஸ்மேன் கிடைப்பார். கமிஷனுக்கு மட்டும் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் நிற்க மாட்டார். பெயர் தெரியாத ஒரு பிராண்டை முதல் தடவை கடைக்குள் ஏற்றுவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை. அந்த வேலைக்கு உண்டான செலவை ரெப்பின் தலையில் கட்டிவிட்டு "வித்தா காசு" என்று சொல்வது நியாயமும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை.

ஒரு நாளைக்கு 12 கடையில் பில் போடுகிறார், பில்லுக்கு சராசரி 300 ரூபாய், 8 சதவீதம் கமிஷன் என்று வையுங்கள். விற்பனை 3,600, அவருக்குக் கிடைப்பது 288. டூவீலரில் 60 கிலோமீட்டர் சுற்றியதற்கு பெட்ரோல், இரண்டு டீ, மதியச் சாப்பாடு என்று 220 ரூபாய் போனால் கையில் எழுபதுகூட மிஞ்சாது. நாள் முழுக்க வெயிலில் அலைந்தவர் இதற்காக மறுபடி வருவாரா?

அதனால் ஆள் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் நீங்களே லைன் போங்கள்

ஒரு மாதம், குறைந்தபட்சம் ஒரே லைனை (ஒரு நாளில் ஏறி இறங்கும் கடைகளின் ரூட்டை) நாலு தடவையாவது, முதலாளியே நேரில் போக வேண்டும். மதுரையில் இருந்தால் திங்கள் உசிலம்பட்டி, செவ்வாய் திருமங்கலம், புதன் மேலூர், வியாழன் வாடிப்பட்டி - சோழவந்தான், வெள்ளி அண்ணா நகர் - கே.கே. நகர், சனி வில்லாபுரம் - அவனியாபுரம் என்று பிரித்துக்கொள்ளலாம். எந்த ஊராக இருந்தாலும் ஒரே கிழமையில் அதே கடைக்குப் போக வேண்டும் என்பதுதான் முக்கியம். "செவ்வாய்க்கிழமைன்னா மசாலாக்காரர் வருவார்" என்று கடைக்காரருக்குப் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

போகும்போது ஒரு நோட்டில் நாலு விஷயம் குறியுங்கள். எத்தனை கடை ஏறினீர்கள், எத்தனை கடையில் பில் விழுந்தது, பில் சராசரி எவ்வளவு, முதல் தடவை வாங்கிய கடைகளில் எத்தனை பேர் இரண்டாவது தடவை வாங்கினார்கள். கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. முதல் ஆர்டரை முகத்துக்காகப் போடுவார்கள், அடுத்த ஆர்டரைப் பொருள் ஓடினால்தான் போடுவார்கள். இரண்டாவது ஆர்டர் வராத சரக்குக்கு எவ்வளவு கெட்டிக்கார ரெப்பைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. சுவை, விலை, பாக்கெட் சைஸ், கடைக்காரருக்கு நிற்கிற மார்ஜின், இதில் எங்கே உதைக்கிறது என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு அப்புறம் ஆள் தேடுங்கள்.

கணக்கு: ஒரு ரெப்பை உங்கள் சரக்கு தாங்குமா

ஒரு நாளைக்கு 35 கடை, அதில் 14 பில், சராசரி 500 ரூபாய். நாளுக்கு 7,000, மாதம் 25 நாளைக்கு 1,75,000. மூலப்பொருள், பேக்கிங், ஸ்கீம் (கடைக்குக் கொடுக்கும் சலுகை) எல்லாம் போக உங்களுக்கு 25 சதவீதம் நிற்கிறது என்றால் 43,750 ரூபாய். ரெப்புக்கு நிரந்தரச் சம்பளம் 16,000, வண்டிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் வீதம் 4,500, போன் ரீசார்ஜ் 300, இன்சென்டிவ் 3,000 என்று 23,800 ரூபாய் ஆகிறது. மீதி சுமார் 20,000. இதில்தான் டெலிவரி வண்டி, டேமேஜ், எக்ஸ்பயரி ரிட்டர்ன், கடனில் நிற்கும் பணத்துக்கான வட்டி, உங்கள் வீட்டுச் செலவு எல்லாம் வர வேண்டும். ஓட்டலாம்.

அதே 14 பில், சராசரி மட்டும் 300 ரூபாய் என்றால்? மாத விற்பனை 1,05,000, உங்கள் லாபம் 26,250. இன்சென்டிவே கொடுக்காமல் வைத்தாலும் ரெப் செலவு 20,800. மிஞ்சும் 5,450 டெலிவரி வண்டிக்கே போதாது.

இந்த இடத்தில் நிறையப் பேர் ரெப் சம்பளத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள். குறைக்க வேண்டியது அதை இல்லை, கூட்ட வேண்டியது பில் சராசரியை. பையில் இன்னும் இரண்டு ஐட்டம் சேருங்கள். சாம்பார் பொடி போடுகிறவர் ரசப்பொடியும் இட்லிப் பொடியும் சேர்க்கலாம். இல்லையென்றால் உங்களைப் போலவே சின்ன அளவில் அப்பளமோ வத்தலோ போடுகிற ஒருவரோடு பேசி, ஒரே ரெப், இரண்டு கம்பெனிச் சரக்கு, சம்பளத்தில் ஆளுக்குப் பாதி என்று ஏற்பாடு செய்யலாம். ஒரே கடை, ஒரே நடை, இரண்டு பில். போட்டிச் சரக்காக இல்லாமல் இருக்க வேண்டும், யார் எவ்வளவு பங்கு, சம்பளத்தை யார் கையால் கொடுப்பது என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சின்னக் கம்பெனிகளுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான்.

யார் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

சம்பளத்துக்கு வேலை செய்யும் சொந்த ரெப், பல கம்பெனிச் சரக்கைச் சேர்த்து எடுத்துப் போகும் கமிஷன் ஏஜென்ட், டிஸ்ட்ரிப்யூட்டரிடம் வேலை செய்யும் சேல்ஸ்மேன் என்று மூன்று வகை உண்டு.

கமிஷன் ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே கடைப் பழக்கம் இருக்கும், அவர் பெட்ரோல் செலவு பல சரக்கில் பிரிந்துவிடும், அதனால் அவருக்குக் கமிஷன் கட்டுப்படியாகும். ஆனால் எது தானாக ஓடுகிறதோ அதைத்தான் அவர் வாய் முதலில் சொல்லும். புதுச் சரக்கு பையின் அடியிலேயே கிடக்கும். ஓரளவு ஓட ஆரம்பித்த சரக்குக்கும், நீங்கள் நேரில் போக முடியாத வெளி மாவட்டத்துக்கும் அவர் சரி.

டிஸ்ட்ரிப்யூட்டர் என்றால் சரக்கை அவரே காசு போட்டு வாங்கி, தன் ஆளை வைத்துக் கடைகளுக்குப் போடுவார். அவருடைய சேல்ஸ்மேன் கையில் ஏற்கெனவே பத்துக் கம்பெனி லிஸ்ட் இருக்கும், பதினொன்றாவதாக உங்களுடையதை அவர் ஏன் சொல்ல வேண்டும்? பெரிய கம்பெனிகள் அந்த சேல்ஸ்மேன் சம்பளத்தில் ஒரு பங்கைத் தாங்களே கொடுப்பது இதனால்தான். நீங்களும் "வாரத்தில் இரண்டு நாள் என் சரக்கை மட்டும் எடுத்துப் போகட்டும், அந்த இரண்டு நாள் சம்பளமும் பேட்டாவும் என்னுடையது" என்று பேசிப் பார்க்கலாம்.

உள்ளூர் சந்தையை முதலில் பிடிக்க வேண்டும் என்றால் சொந்த ரெப்தான். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அவரைப் பற்றியது.

ஆள் எங்கே கிடைப்பார்

கடைக்காரர்களைக் கேளுங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில், "அண்ணாச்சி, உங்க கடைக்கு வர்ற ரெப்புகள்ல யாரு சொன்ன நாள்ல கரெக்டா வர்றாங்க? ரிட்டர்ன் எடுத்துக்கறேன்னு சொன்னா எடுத்துக்கறது யாரு?" என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். ஐந்தாறு கடையில் ஒரே பெயர் வந்தால் அவர்தான் ஆள். அவர் இப்போது இருக்கும் இடத்தை விட்டு வருவாரோ மாட்டாரோ, போனில் பேசுங்கள். வராவிட்டாலும் இன்னொருவரைக் கைகாட்டுவார். நீங்கள் சரக்குப் போடும் கடைக்கே போட்டிக் கம்பெனியின் ரெப்பாக வருகிறவரை மட்டும் கடையில் வைத்து, நாலு பேர் எதிரில் கூப்பிட வேண்டாம்.

மொத்த வியாபாரத் தெருக்களும் நல்ல இடம். மதுரை கீழமாசி வீதி போன்ற இடங்களில் மண்டிகளிலும் மொத்தக் கடைகளிலும் பில் போடுகிற, கணக்கு எழுதுகிற பையன்களுக்கு எந்த ஊர்க் கடை என்ன வாங்கும், யார் காசு இழுப்பார் என்பதெல்லாம் அத்துப்படி. அவர்களில் வெளியே சுற்ற ஆசைப்படுகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார்.

அப்னா, ஒர்க் இந்தியா மாதிரி ஆப்களில் விளம்பரம் போட்டால் போன் நிறைய வரும். தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளத்திலும் பதிவு செய்யலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமில் நீங்களும் ஒரு மேசை போட்டு உட்காரலாம். விளம்பரத்தில் "கவர்ச்சிகரமான சம்பளம்" என்று எழுதாமல், நிரந்தரச் சம்பளம் இவ்வளவு, வண்டிக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு, லைன் இந்தந்த ஊர் என்று எழுதுங்கள். வருகிற போன் பாதியாகக் குறையும், ஆனால் வருகிறவர் தெரிந்து வருவார்.

பெண்களையும் யோசியுங்கள். ஸ்கூட்டியில் டவுன் லைன் போகும் பெண்கள் பல இடங்களில் நன்றாகச் செய்கிறார்கள். கழிப்பறை வசதி எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து லைன் போடுவதும், இருட்டுவதற்குள் முடிகிற மாதிரி அமைப்பதும் உங்கள் பொறுப்பு.

நேர்காணல் நாற்காலியில் வேண்டாம், லைனில்

ஆபீசில் உட்கார வைத்துப் பேசினால் நன்றாகப் பேசுகிறவர்தான் தேறுவார். அவரை ஒரு நாள் லைனுக்குக் கூட்டிப் போங்கள், அந்த நாளுக்குக் கூலியும் சாப்பாடும் கொடுத்து. முதல் ஐந்து கடையில் நீங்கள் பேசுங்கள், அடுத்த பத்துக் கடையில் அவர் பேசட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? கல்லாவில் அண்ணாச்சி அரைக் கிலோ துவரம்பருப்பு மடித்துக்கொண்டிருக்கிறார், எதிரில் இரண்டு பேர் நிற்கிறார்கள். நல்ல ரெப் அந்த நேரத்தில் வாயைத் திறக்க மாட்டார். ஓரமாக நின்று, கண்ணாலேயே ராக்கை ஒரு சுற்றுச் சுற்றுவார். போட்டிச் சரக்கு எத்தனை சரம் தொங்குகிறது, எந்த பாக்கெட்டில் தூசி படிந்திருக்கிறது, நம்முடையது மிச்சம் எவ்வளவு. வாடிக்கையாளர் நகர்ந்ததும், "அண்ணாச்சி, பத்து ரூபா சரம் தீரப் போகுது, அம்பது கிராம் பாக்கெட்தான் ஓடாம நிக்குது. அதை எடுத்துக்கிட்டு சரமா போட்டுட்டுப் போகட்டுமா?" என்பார். நிற்கும் சரக்கைத் தானே எடுத்துப் பேசியதால் கடைக்காரருக்கு நம்பிக்கை வரும், பில்லும் விழும். இதைச் சொல்லிக்கொடுக்காமலேயே செய்கிறவர் கிடைத்தால் அன்று சாயங்காலமே முடித்துவிடுங்கள்.

கூட்ட நேரத்தில் குறுக்கே பேசுகிறவர், கடைக்காரர் "வேணாம்" என்றதும் ஸ்கீம் ஏற்றிக் கொடுக்க உங்களைப் பார்க்கிறவர், போட்டிச் சரக்கைப் பற்றிக் கடையில் கண்டபடி பேசுகிறவர், இவர்கள் வேண்டாம். கூச்ச சுபாவம் ஒரு குறையே இல்லை. சொன்ன நேரத்துக்கு வந்தாரா, கணக்கு நோட்டில் கூட்டல் சரியாக இருக்கிறதா என்பது அதைவிடப் பெரிய விஷயம். ஓட்டுநர் உரிமம், வண்டி இன்சூரன்ஸ் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

சம்பளம்: நிரந்தரம், வண்டி, இன்சென்டிவ்

மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து "25,000 வரை சம்பாதிக்கலாம்" என்று பேசினால் இரண்டாவது மாதமே மனக்கசப்பு வரும்.

நிரந்தரச் சம்பளம் என்பது ஒரு பில்லும் விழாத மாதத்திலும் வீட்டு வாடகையும் அரிசியும் போய்விடும் அளவுக்கு இருக்க வேண்டும். தமிழக அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகவே கூடாது. அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும், தொழிலாளர் துறை வெளியிடும் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி கமிஷன் பொதுவாக "ஊதியம்" என்ற கணக்கில் சேராது. அதனால் "சம்பளம் 6,000, மீதி கமிஷனில் வந்துவிடும்" என்ற பழைய பேச்சு இப்போது எடுபடாது.

வண்டிப்படி கிலோமீட்டர் கணக்கில். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கிற பெட்ரோலில், 45 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்குப் பெட்ரோல் மட்டுமே கிலோமீட்டருக்கு இரண்டே கால் ரூபாய் பக்கம் வந்துவிடுகிறது. டயர், ஆயில், சர்வீஸ் சேர்த்து மூன்று ரூபாய் கொடுத்தால்தான் உங்கள் சரக்கை விற்க அவர் தன் கைக்காசில் சொந்த வண்டியைத் தேய்க்க வேண்டி வராது. வாரம் ஒரு தடவை கொடுங்கள், மாதக் கடைசி வரை அவர் கைக்காசு போட வேண்டாம். வெளியூர் லைனுக்கு பேட்டா தனி.

இன்சென்டிவ்தான் யோசித்துச் செய்ய வேண்டியது. எதற்குக் காசு கொடுக்கிறீர்களோ அதைத்தான் அவர் செய்வார். பில் போட்டதற்குக் கொடுத்தால் பில் போடுவார், மாதக் கடைசி மூன்று நாளில் "அண்ணாச்சி எனக்காக வாங்கிக்கங்க, அடுத்த மாசம் ரிட்டர்ன் எடுத்துக்கறேன்" என்று சரக்கைத் தள்ளுவார். தப்பு அவருடையது இல்லை, நீங்கள் போட்ட கணக்கு அப்படி. அதனால் வசூலான பணத்துக்குத்தான் இன்சென்டிவ், அதுவும் ஜிஎஸ்டி போக, ரிட்டர்ன் கழித்து.

மேலே சொன்ன உதாரணத்துக்கே பொருந்துகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். மாத வசூல் 1,25,000 வரை ஒன்றும் இல்லை, அது நிரந்தரச் சம்பளத்துக்கு உண்டான வேலை. அதற்கு மேல் 1,75,000 வரை வரும் தொகைக்கு 3 சதவீதம், அதற்கும் மேலே 5 சதவீதம். 1,75,000 வசூலித்தால் 1,500 ரூபாய். புதுக் கடைக்கு 50 ரூபாய், ஆனால் அந்தக் கடை இரண்டாவது பில் போட்ட பிறகுதான். இருபது கடை என்றால் 1,000. 30 நாளைத் தாண்டிய பாக்கி ஒன்றுகூட இல்லாவிட்டால் 500. ஆக 3,000. "டார்கெட்டைத் தொட்டால் 5,000, ஒரு ரூபாய் குறைந்தாலும் பூஜ்யம்" என்ற மாதிரி மட்டும் வைக்காதீர்கள். 20-ஆம் தேதியே எட்டாது என்று தெரிந்தவர் மீதிப் பத்து நாள் ஏன் ஓட வேண்டும்?

அவர் நன்றாகச் சம்பாதிக்க ஆரம்பித்ததும் சதவீதத்தைக் குறைப்பதும், நல்ல கடைகளைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுப்பதும் நிறைய இடத்தில் நடக்கிறது. இதைவிட வேகமாக ஒரு நல்ல ஆளை விரட்டுகிற வழி கிடையாது. ஒரு வருடத்துக்குக் கணக்கை மாற்ற மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள். உங்களைவிட அவர் அதிகம் எடுத்துப் போகிற மாதம் வந்தால் சந்தோஷமாகக் கொடுங்கள், அந்த மாதம் உங்கள் சரக்கும் அந்த அளவுக்கு ஓடியிருக்கிறது.

காகிதமும் சட்டமும்

நியமனக் கடிதம் கட்டாயம் கொடுங்கள். பதவி, சேரும் தேதி, நிரந்தரச் சம்பளம், வண்டிப்படி, இன்சென்டிவ் கணக்கு ஒரு உதாரணத்தோடு, வார விடுமுறை, எத்தனை நாள் முன்னால் சொல்லி விலக வேண்டும். தமிழிலேயே இரண்டு பக்கம் போதும்.

பத்து பேர் வேலை செய்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), இருபது பேர் என்றால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). பேக்கிங்கில் உட்காரும் அக்காக்களும் இந்த எண்ணிக்கையில் சேர்த்திதான். 21,000 வரை ஊதியம் வாங்குகிறவருக்கு இஎஸ்ஐயில் நீங்கள் 3.25 சதவீதம், அவர் 0.75 சதவீதம். டூவீலரில் அலைகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு. அந்த எண்ணிக்கை வராதவர்கள் ஒரு விபத்துக் காப்பீடாவது எடுத்துக் கொடுங்கள்.

சம்பளக்காரர் இல்லாமல் கமிஷன் ஏஜென்ட் என்றால், கமிஷன் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டும்போது 2 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும், பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். தனிநபர் நிறுவனமாக இருந்து முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டவில்லை என்றால் இந்தப் பொறுப்பு உங்களுக்கு இல்லை.

இரண்டு விஷயம் செய்யவே கூடாது. ஒன்று, அவருடைய அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பது. இன்னொன்று, கடைக்காரர் காசு தராமல் இழுத்ததைச் சம்பளத்தில் பிடிப்பது. எதையெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது, கடைக்காரர் கடன் அதில் இல்லை. "விலகிய பிறகு இரண்டு வருடம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது" என்று எழுதி வாங்குவதும் வீண், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் முன் அது நிற்காது.

காசு கைமாறும் இடம்

மளிகை லைனில் பில் டு பில்தான் நடக்கும், போன பில்லுக்கு இன்று காசு. இதில் ஒரு கடைக் காசை எடுத்துச் செலவழித்துவிட்டு அடுத்த கடைக் காசை வைத்து முந்தையதை அடைப்பது என்று ஒரு சுழற்சி ஆரம்பித்தால், தெரியவரும்போது தொகை கையை மீறியிருக்கும். ஆளைச் சந்தேகப்படுவதைவிட வழியை அடைத்துவிடுவது இரண்டு பேருக்குமே நல்லது. கம்பெனி க்யூஆர் கோடு அட்டையை ரெப் கையில் கொடுத்து, முடிந்த அளவு யுபிஐ வசூல். ரொக்கத்துக்கு நம்பர் போட்ட ரசீது, அன்றே கட்ட வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் எல்லாக் கடைக்கும் வாட்ஸ்அப்பில் பாக்கி விவரம் உங்கள் எண்ணிலிருந்து போக வேண்டும். வாரத்தில் அரை நாள் நீங்களும் அவரோடு லைன் போங்கள். முன்னறிவிப்போடு போங்கள், வேவு பார்ப்பது போல வேண்டாம்.

முதல் மூன்று மாதம் விற்பனைத் தொகையை வைத்து அவரை எடை போடாதீர்கள். முதல் மாதம் எத்தனை கடை ஏறினார், இரண்டாவது மாதம் எத்தனை கடை திரும்ப வாங்கியது, மூன்றாவது மாதம் பில் சராசரி ஏறுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது மாத முடிவில் ஏறவில்லை என்றால் உட்கார்ந்து பேசுங்கள், லைன் சரியில்லையா, சரக்கா, ஆளா என்று.

அவர் விலகும்போது

நல்ல ரெப் என்றைக்காவது பெரிய கம்பெனிக்குப் போவார். கடைசி வாரத்தில் புது ஆளைக் கூட்டிக்கொண்டு எல்லாக் கடைக்கும் போய், "இனிமே இவர்தான் வருவார்" என்று அவர் வாயால் சொல்ல வைத்து, பாக்கித் தொகையைக் கடைக்காரரிடமே சரிபார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். இதற்காகவே அந்த வாரத்துக்கு ஒரு தனித் தொகை பேசிக்கொள்ளலாம். விலகிய இரண்டு வேலை நாளுக்குள் அவருக்கு வர வேண்டிய ஊதியத்தைக் கொடுத்து முடிக்க வேண்டும் என்பது புதுச் சட்டம். அதுவரை வசூலான பணத்துக்கு உண்டான இன்சென்டிவையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். அவர் போட்ட பில்லுக்கு அடுத்த மாதம் வரும் வசூலில் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதை விலகும் நாளில் பேசாமல், நியமனக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதி வையுங்கள். உண்டு என்று எழுதுவதுதான் என் பழக்கம்.